பழனி சாலையில் ஜி.டி. நாயுடு ஓட்டிய பஸ்

திண்டுக்கல்லில் இருந்து மேற்கே போகிற சாலை ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிப் பழனிக்குப் போகிறது. இடது கைப் பக்கம் மலைத்தொடர் கூடவே வரும். வலது கைப் பக்கம் பொட்டல் வெளி. பழனியில் இருந்து அதே சாலை சண்முகநதியைக் கடந்து, மடத்துக்குளத்தில் அமராவதி ஆற்றைக் கடந்து, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய்ச் சேருகிறது.

1920-ம் ஆண்டில் இந்தப் பாதையில் ரெயில் கிடையாது. திண்டுக்கல்லுக்கு 1875-ம் ஆண்டிலேயே ரெயில் வந்துவிட்டது. பொள்ளாச்சிக்கு 1915-ல் வந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பழனிக்கு 1928-ம் ஆண்டில்தான் ரெயில் வந்தது.

அதுவரை பழனி முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்று, மாட்டு வண்டி. இல்லாவிட்டால் நடை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மக்கள் நடந்தார்கள். காவடி எடுப்பவருக்கு நடை புண்ணியம். ஆனால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வண்டிக்குள் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே சுமார் 40 மைல். மாட்டு வண்டிக்கு அது நீண்ட பயணம்.

அந்தச் சாலையில் 1920-ம் ஆண்டில் ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. பஸ்சின் சொந்தக்காரரே அதை ஓட்டினார். அவருக்கு அப்போது வயது 27. படிப்பு, ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு சரி.

அவர்தான் ஜி.டி. நாயுடு.

மண்ணை வாரி வீசிய பையன்

கோவைக்குப் பக்கத்தில் சூலூர் வட்டாரத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி நாயுடு பிறந்தார். துரைசாமி என்பது பெயர். தகப்பனார் கோபால்சாமி நாயுடு விவசாயி. துரைசாமி குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்துபோனார்.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவிட்டான் என்று கோவைப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பிற்காலத்தில் கல்லூரிக்குப் பணம் கொடுத்தவர், அதற்கு முதல்வராகவும் இருந்தவர், சிறு வயதில் இப்படி!

பள்ளிக்கூடத்தை விட்ட பையனைத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே வாசித்தார். கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தார். வாத்தியார் சொல்லிக் கொடுத்தபோது ஏறாத எழுத்து, தானே படித்தபோது ஏறியது.

ரட்ஜ் வண்டி

ஒருநாள் அந்தப் பக்கத்துக்கு வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அது ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி.

இப்போது தெருவுக்கு நூறு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடி வருவதைக் கிராமத்து மக்கள் பார்த்ததே இல்லை. வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் காதில் விழுந்துவிடும். ஒற்றைச் சிலிண்டர் என்ஜின். டப், டப், டப் என்று தனித்தனியாக எண்ணிவிடலாம் போல வெடிக்கும். என்ஜினில் இருந்து பின் சக்கரத்துக்கு ஒரு பெல்ட் ஓடும்.

மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். துரைசாமிக்கு மட்டும் அந்த வண்டி மனதை விட்டுப் போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எது எதைத் தள்ளுகிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது, இதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். வண்டி வாங்கப் பணம் வேண்டும். ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார், கிடைத்த சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்தது. அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஊரைச் சுற்றி வந்து பெருமை அடிக்கவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பழையபடி மாட்டினார். வண்டி ஓடியது.

அவருக்கு மெக்கானிக் வேலையைச் சொல்லிக் கொடுத்த குரு அந்த ரட்ஜ் வண்டிதான்.

பணம் வந்தது, போனது

மோட்டார் ரிப்பேர் வேலையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் தொழில் நன்றாகத்தான் நடந்தது. அதோடு நிற்காமல் பம்பாய்க்குப் போனார். பெரிய பஞ்சு வியாபாரிகளோடு போட்டி போட்டார். சேர்த்ததை எல்லாம் இழந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

வெறுங்கையோடு வந்தவருக்குக் கோவையில் இருந்த ஸ்டேன்ஸ் துரை உதவி செய்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆலை நடத்தியவர், காப்பி வியாபாரம் செய்தவர், பள்ளிக்கூடம் வைத்தவர். அவர் உதவியால் நாயுடுவுக்குக் கடனில் ஒரு பஸ் கிடைத்தது.

பஸ்சை எந்த ஊருக்கு விடுவது? பொள்ளாச்சி வரை ரெயில் இருக்கிறது. அதற்கு மேல் பழனிக்கு இல்லை. ஆனால் பழனிக்குப் போகிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ரெயில் எங்கே நிற்கிறதோ அங்கே பஸ்சைத் தொடங்கினார். பம்பாயில் கோட்டை விட்டவர் இந்தக் கணக்கில் தவறவில்லை.

கைப்பிடி சுற்றிக் கிளப்பும் வண்டி

அந்தக் காலத்து மோட்டார் வண்டி ஓட்டுவது எப்படி இருந்தது? இன்றைக்குச் சாவியைத் திருப்பினால், அல்லது ஒரு பொத்தானை அமுக்கினால், கார் கிளம்பிவிடுகிறது. கிளம்பியதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சத்தமே இல்லாத கார்களும் வந்துவிட்டன. 1920-ல் அப்படி இல்லை.

வண்டிக்கு முன்னால் இரும்புக் கைப்பிடி ஒன்று தொங்கும். டிரைவரோ கிளீனரோ முன்னால் நின்று அதைப் பிடித்து வேகமாகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றில் கிளம்பினால் அதிர்ஷ்டம். நாலைந்து சுற்றுக்குக் குறையாது. சில சமயம் என்ஜின் எதிர்ப் பக்கமாக உதைக்கும். அப்போது கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். அதனால் கட்டை விரலையும் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற கிளீனருக்கு முதல் பாடமே இதுதான்.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-ம் ஆண்டில் டி மாடல் காரை வெளியிட்டார். 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் அந்தக் கார் செய்யப்பட்டது. நம் நாட்டுக்கும் நிறைய வந்தது. அதன் அடிச்சட்டத்தின் மேல் மரத்தாலும் கித்தானாலும் கூடு கட்டிப் பஸ்சாக ஓட்டியவர்கள் பலர்.

அந்த டி மாடலைக் கிளப்பும்போது முதலில் ஒரு ரீங்காரம் கேட்கும். தேன் கூட்டில் காதை வைத்தது போல இருக்கும். மின்பொறி உண்டாக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வருகிற சத்தம் அது. சிலிண்டர் நாலு என்றால் சுருளும் நாலு. நாலும் ஒன்றுபோல ரீங்கரித்தால் எல்லாம் சரி. ஒன்று ஊமையாக இருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. பழகிய டிரைவர் மூடியைத் திறக்காமலே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

பெட்ரோல் விடுகிற ஆக்சிலேட்டர் அதில் காலுக்குக் கீழே கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு சிறு பிடி. அதை விரலால் இழுத்தால் வேகம் வரும். இடது பக்கம் இன்னொரு பிடி. அது மின்பொறி விழுகிற நேரத்தை முன்னும் பின்னும் மாற்றுவதற்கு. மேட்டில் ஏறும்போது பொறியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் என்ஜின் சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று முரண்டு பிடிக்கும். மேடு தாண்டிச் சமதரை வந்ததும் மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதற்கு அளவு எதுவும் இல்லை. காதுதான் அளவு.

மற்றக் கம்பெனி வண்டிகளில் கியர் மாற்றுவது பெரிய வித்தை. இப்போதைய வண்டிகளில் பல் சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர உள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அன்று அது இல்லை. டிரைவர் கிளட்சை மிதித்து, கியரை நடுவில் நிறுத்தி, கிளட்சை விட்டு, என்ஜின் சத்தத்தைக் கேட்டு, சரியான சுருதி வந்ததும் மறுபடி கிளட்சை மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். சுருதி சேர்ந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழும். சேராவிட்டால் கறமுற என்று பல்லைக் கடிக்கும் சத்தம் வண்டி முழுதும் கேட்கும். பயணிகள் எல்லோரும் டிரைவரின் முதுகைப் பார்ப்பார்கள்.

ஹாரனில் மின்சாரம் கிடையாது. வளைந்த பித்தளைக் குழாயின் முனையில் ஒரு ரப்பர்ப் பந்து. அதைப் பிசைந்தால் பாம், பாம் என்று கத்தும். இருட்டியதும் கார்பைடு விளக்கு. உள்ளே இருக்கிற கார்பைடு கட்டியின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அதனால் உண்டாகிற வாயு வெள்ளை வெளேர் என்று எரியும். பூண்டு நாற்றம் போல ஒரு நாற்றம் வரும். சொட்டு வேகமாக விழுந்தால் சுடர் தூக்கும், நின்றுபோனால் விளக்கு அணையும்.

சக்கரத்துக்கு மரக் கால்கள். கோடை வெயிலில் மரம் உலர்ந்து சுருங்கிக் கிரீச், கிரீச் என்று முனகும். அப்போது ஆறு குளத்தில் வண்டியை இறக்கிச் சக்கரத்தை நனைப்பார்கள். மரம் ஊறியதும் முனகல் நின்றுவிடும். ரேடியேட்டர் தண்ணீர் கொதித்தால் புஸ் என்று ஆவி கிளம்பும். கிளீனர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றைத் தேடி ஓடுவான்.

டயருக்கு எமன், மாட்டு லாட ஆணி. சாலை முழுதும் மாட்டு வண்டி போவதால் ஆணி கொட்டிக் கிடக்கும். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் பஸ் தொழிலில் இறங்கி, பிறகு பெரிய அளவில் நடத்தினார். சாலையில் கிடக்கிற ஆணிகளைப் பொறுக்குவதற்காகவே காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓடவிட்டவர் அவர். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நடுக்காட்டில் இறங்கி டயர் மாட்டியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

டிரைவர், கண்டக்டர், மெக்கானிக்

இப்படிப்பட்ட காலத்தில்தான் நாயுடு பழனி சாலையில் பஸ் ஓட்டினார். முதலாளி வேறு, டிரைவர் வேறு அல்ல. ஓட்டுகிறவரும் அவரே, கெட்டுப்போனால் பழுது பார்ப்பவரும் அவரே.

இதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. வேறொருவருடைய வண்டியை ஓட்டுகிறவர் சத்தம் மாறினால் கவலைப்பட மாட்டார். முதலாளி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார். நாயுடுவுக்கோ வண்டியின் ஒவ்வொரு தட்டலும் ஒவ்வொரு முனகலும் சொந்தச் செலவு. கடன் பாக்கி வேறு இருக்கிறது. வண்டி நின்றால் வருமானம் நின்றது.

யந்திரத்தின் அதிர்வைக் கவனிக்கிற இந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. பஸ் என்ஜினில் உண்டாகும் அதிர்வைச் சோதித்துச் சொல்லும் கருவி ஒன்றை அவர் பிற்காலத்தில் செய்தார். டிரைவர் காதாலும் உள்ளங்காலாலும் தெரிந்துகொள்வதை ஒரு கருவி காட்டும்படி செய்துவிட்டார்.

ஒரு பஸ் இரண்டாயிற்று. இரண்டு நாலாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். மக்கள் யு.எம்.எஸ். என்று சுருக்கிவிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வட்டாரத்தில் யு.எம்.எஸ். பஸ்சைத் தெரியாதவர்கள் இல்லை என்று ஆயிற்று. நேரம் தவறாமல் புறப்படுவதில் அவர் கண்டிப்பானவர். ஆள் சேரட்டும் என்று மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து, இதோ கிளம்புகிறது, இதோ கிளம்புகிறது என்று ஏமாற்றிய வண்டிகளைப் பார்த்துச் சலித்த மக்களுக்கு இது பெரிய அதிசயம்.

1928-ல் திண்டுக்கல்லில் இருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரெயில் வந்தது. அதற்குள் பஸ் வேரூன்றிவிட்டது. ரெயில் ஸ்டேஷன் இல்லாத ஊர்க்காரர்களுக்கு வீட்டு வாசலுக்கே வருகிற வண்டி பஸ்தானே!

மோட்டாரில் இருந்து மற்றவை

பஸ்சில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு நாயுடு வெளிநாடுகளுக்குப் போனார். ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றினார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். கையில் காமிரா வைத்திருந்தார். 1936 ஜனவரியில் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார்.

1937-ம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டாரைக் கோவையில் வெளியிட்டார். அதுவரை மோட்டார் என்றால் கப்பலில்தான் வரவேண்டும். கிணற்றில் ஏற்றம் இறைத்த கொங்கு நாட்டு விவசாயியின் தோட்டத்துக்கு இதனால் என்ன வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கோவை இன்றைக்கும் பம்ப் செட்டுக்குப் பெயர் போன ஊர்.

மின்சாரத்தில் ஓடும் சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் என்று வரிசையாகச் செய்தார். தேர்தலில் அவர் நின்று தோற்றதும் உண்டு. எழுபது ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் அமைய நன்கொடை கொடுத்தார். முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. ரட்ஜ் வண்டியைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர் வேறு எப்படி நினைப்பார்? அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. விலகிவிட்டார்.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

அவர் வாழ்க்கையிலேயே மனதை மிகவும் வருத்துகிற கதை ஒன்று உண்டு. அதுவும் மோட்டார் கதைதான்.

1952-ம் ஆண்டில் நாயுடு ஒரு சிறிய கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய் என்று சொன்னார். அன்றைக்குக் கார் என்பது ஜமீன்தார், மில் முதலாளி, டாக்டர், பெரிய வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிற பொருள். பள்ளிக்கூட வாத்தியாரும் சின்னக் கடைக்காரரும் கனவில்தான் ஓட்டலாம். அவர்கள் வாங்கக்கூடிய கார் இது.

கார் வந்தது. ஆனால் அதைத் தொழிற்சாலையில் நூற்றுக் கணக்கில் செய்வதற்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து நிலைமை இது: சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இரும்பும் அன்னியச் செலாவணியும் பற்றாக்குறை. எந்தக் கம்பெனி எதைச் செய்யலாம் என்று டில்லியில் முடிவு செய்தார்கள். 1953-ல் கார் செய்வதற்கு, அரசாங்கம் ஒப்புக்கொண்ட திட்டம் வைத்திருந்த சில கம்பெனிகளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் நம் ஊர்ச் சாலைகளில் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று நாலு வகைக் கார்களைத்தான் பார்க்க முடிந்தது. அவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நாட்டுக்கு நாலு கம்பெனி போதும் என்று நினைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் நினைத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கோவைக்காரர் ஒருவர் செய்து காட்டிய காரை ஓரம் கட்டியது பெரிய நஷ்டம். சாதாரணக் குடும்பத்துக்கான மலிவுக் கார் என்ற பேச்சு நாடு முழுதும் மறுபடி அடிபட, 2009-ல் ஒரு லட்ச ரூபாய் விலை சொல்லி டாடாவின் நானோ கார் வரவேண்டியிருந்தது. நடுவில் 57 ஆண்டுகள்.

வரிச் சண்டை, லைசென்ஸ் சண்டை என்று நாயுடுவுக்கு அரசாங்கத்தோடு ஓயாத வழக்கு. 1950-களில் அவர் மனம் வெறுத்து, தாம் செய்த ரேடியோ போன்ற பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். பார்த்தவர்களில் சிலர் வீரம் என்றார்கள். சிலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வீரம் என்று சொல்ல வாய் வரவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு வண்டியைக் கழற்றினால் கடைசி ஆணி வரை திரும்ப மாட்டி ஓடவிட்ட கை அது. அந்தக் கை சுத்தியலை எடுத்து உடைத்தது என்றால் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். வயது 80.

பழைய கார்களின் வீடு

அவினாசி சாலையில் நாயுடு வாழ்ந்த வளாகத்தில் அவர் செய்த பொருள்களும் சேர்த்த பொருள்களும் கண்காட்சியாக இருக்கின்றன. அவருடைய மகன் ஜி.டி. கோபாலுக்கும் கார்களின் மேல் தகப்பனாரைப் போலவே பிரியம். பழைய கார்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2015-ம் ஆண்டில் அந்தச் சாலையிலேயே கார்களுக்கு என்று தனியாக ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. பல நாட்டுக் கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

பழைய காரை வைத்திருப்பவர்களிடம் ஒரு சண்டை எப்போதும் உண்டு. பழைய உடம்பில் புது என்ஜினைப் போடலாமா, கூடாதா? போட்டால் ஓட்டுவது சுலபம். குளிர்பதன வசதியும் வைக்கலாம், மின்சார ஹாரனும் வைக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது பழைய கார் இல்லை. ஜெர்மனியின் வண்டுக் கார் என்கிற வோக்ஸ்வாகனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ஜின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. காற்றாலேயே குளிர்கிற என்ஜின். அது ஓடும்போது தையல் மிஷினும் விசிறியும் சேர்ந்து ஓடுவது போன்ற ஒரு தனிச் சத்தம் வரும். தெருக்கோடியில் வரும்போதே வீட்டுக்குள் இருப்பவர் இன்ன கார் என்று சொல்லிவிடலாம். என்ஜினை மாற்றினால் அந்தச் சத்தம் போய்விடும்.

திண்டுக்கல், பழனிப் பக்கத்திலும் தாத்தா காலத்து அம்பாசடரையும் ஜீப்பையும் விற்க மனம் இல்லாமல் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. எது கார்புரேட்டர், எது டைனமோ என்று பேரனுக்கு விரல் நீட்டிக் காட்டலாம். இன்றையக் காரின் மூடியைத் திறந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுத்தான் தெரியும். அதற்குக் கீழே இருப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பழுது வந்தால் சத்தத்துக்குப் பதில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வசதிதான். மழை இரவில் குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கைப்பிடி சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஆனால் மேட்டில் ஏறும்போது என்ஜின் என்ன சொல்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கியர் மாற்றிய டிரைவருக்கு இருந்த சுகம் மஞ்சள் விளக்கில் கிடையாது.

2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் பத்து கிலோ மீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். பாலத்தின் மேல் கார்கள் சத்தமில்லாமல் பறக்கின்றன. கீழே, அதே சாலையோரத்தில், காட்சிசாலைக் கூடத்துக்குள் கைப்பிடி வைத்த காலத்துக் கார்கள் நிற்கின்றன. விடுமுறை நாட்களில் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள்.